நல்லிணக்கத் தொட்டி

குடும்பச் சண்டையை ஒழிக்க மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் ஆறடி நீள மீன்தொட்டிக்கு நிகரானது வேறில்லை. கண்டுபிடித்த பெருமை குடும்ப நல்லிணக்க நிலையத்தின் இயக்குநரைச் சேரும். பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே வந்த ஒரு தம்பதிகூடப் பிரிந்ததில்லை. ஆலோசனை அறைக்குள் சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அறைக்கு ஒரே கதவுதான்.

சாதனைக்கு ஆதாரம் பதிவேடு. அதில் 'சேர்ந்தவை' என்று ஒரு கட்டம், 'பிரிந்தவை' என்று ஒரு கட்டம். மாலையில் இயக்குநர் சட்டைப் பையிலிருந்து தங்கநிற மூடி போட்ட பேனாவை எடுப்பார். முதல் கட்டத்தில் ஓர் எண், இரண்டாவதில் ஒரு கோடு. பேனாவை அவர் யாருக்கும் இரவல் தருவதில்லை. வரவேற்பாளர் பெண் கூரியருக்குக் கையெழுத்துப் போடக்கூட, கூரியர்காரரின் பேனாவைத்தான் வாங்குவாள்.

அவள் விலங்கியல் பட்டதாரி. மூன்று ஆண்டு வேலையில் அவள் அதிகம் பேசிய வாக்கியம், "உக்காருங்க, கூப்பிடுவாங்க." பணி ஆணையின் கடைசி வரியில் 'இதர பணிகள்' என்று இருந்ததால் மீன்தொட்டி அவளிடம் வந்தது.

காத்திருக்கும் தம்பதிகளின் மனம் குளிர மீன் வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். ஆப்பிரிக்க ஏரியிலிருந்து வந்த சிக்லிட் வகை ஒன்று முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் என்று மீன்கடைக்காரர் சொன்னதும் இயக்குநரின் கண் கலங்கியது. அந்த வகை கடையில் அடித்துக்கொள்வதை அவர் கலங்கிய கண்ணால் பார்த்ததால் சரியாகத் தெரியவில்லை.

தொட்டியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அவள் மணலைக் கழுவினாள், சுண்ணாம்புப் பாறைகளைக் குகை குகையாக அடுக்கினாள், தண்ணீரின் காரத்தன்மையைச் சோதித்தாள். பிறகு, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வடிகட்டியில் வளரும்வரை ஒரு மாதம் மீன் விடக்கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். திறப்பு விழாத் தேதியை மாற்ற முடியாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எனவே வெறும் தண்ணீருக்கு ரிப்பன் வெட்டப்பட்டது. 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பு' பற்றி அவர் இருபது நிமிடம் பேசினார். விருந்தினர்கள் தண்ணீரைப் பயபக்தியோடு பார்த்தார்கள். அந்த நீல மீன் ரொம்ப அழகு என்று ஒருவர் பாராட்டினார்.

ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டு மீன்கள் வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் கறுப்புக் கோடு போட்ட நீல ஆண் ஒன்று பெரிய பாறையைப் பிடித்துக்கொண்டது. மற்ற பதினொன்றும் வடிகட்டிக் குழாயின் பின்னால் ஒடுங்கி நின்றன. அலுவலகத்தில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது.

இயக்குநர் கவலையோடு மீன்கடைக்காரரை அழைத்தார். அவர் தொழில் ரகசியத்தைச் சொன்னார். பன்னிரண்டு இருந்தால் பார்த்துப் பார்த்து ஒன்றை அடிக்கும்; நாற்பது இருந்தால் யாரை அடிப்பது என்று குழம்பும். புதிதாக மீன் விடும்போதெல்லாம் பாறைகளை இடம் மாற்றிவிட வேண்டும். இது என் இடம் என்று ஒன்றும் சொல்ல முடியாது. அப்படியே செய்தார்கள். எல்லா மீனும் கொஞ்சம் கொஞ்சம் அடி வாங்கின. தொட்டியில் நல்லிணக்கம் நிலவியது.

அன்றே 'அடர்த்தி முறை' பிறந்தது. முதல் பயனாளிகள் ஒரு கார் மெக்கானிக்கும் தையல்காரியான அவர் மனைவியும். கணவர் ஒருவர் பேசினாலே வீடு நிறைந்துவிடுகிறது என்பது மனைவியின் புகார். வீட்டில் ஆள் போதவில்லை என்று இயக்குநர் கண்டறிந்தார். கொழுந்தன் குடும்பம், நாத்தனார், ஓர் அத்தை, இரண்டு சித்தப்பாக்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒவ்வொருவர் வந்தபோதும் கட்டிலும் பீரோவும் இடம் மாற்றப்பட்டன.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள்.

"இப்ப உங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை உண்டா?"

"இல்ல சார். அவளைக் கண்டுபிடிச்சாத்தானே" என்றார் மெக்கானிக்.

"என் மெஷின் எங்க இருக்குன்னே தெரியல சார்" என்றாள் தையல்காரி.

'சேர்ந்தவை: 1' என்று எழுதினார் இயக்குநர். அது முதல் இருவரும் தினமும் நிலையத்துக்கு வந்து சோபாவின் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்து மீன் பார்த்தார்கள். உட்கார அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சாம்பல் நிறப் பெண் மீனின் தாடை உப்பியது. வாய் நிறைய முட்டை. மூன்று வாரம் வாயைத் திறக்காது, சாப்பிடாது என்று வரவேற்பாளர் பெண் சொன்னதைக் கேட்ட இயக்குநர், தொட்டிமேல் ஒரு பலகை மாட்டினார்: 'லட்சியக் குடும்பத் தலைவி.' அலுவலகம் அதை 'மருமகள்' என்றது. மாப்பிள்ளைக்கு மட்டும் குழப்பம் நீங்கியது. இனி யாரை அடிப்பது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் மருமகளின் வால் பாதிதான் இருந்தது. வரவேற்பாளர் பெண் கழிவறைக் கண்ணாடி முன் நின்று நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் போனாள்.

"சார், அதைத் தனியா எடுத்து வைக்கணும். இல்லன்னா செத்துடும்."

"இங்க பிரிக்கிறது வழக்கமில்லம்மா" என்றார் அவர் கனிவோடு.

ஆனாலும் அவர் நியாயமானவர். தொட்டி முன் நாற்காலி போட்டு நாற்பது நிமிடம் இரு தரப்புக்கும் ஆலோசனை வழங்கினார். நடவடிக்கைக் குறிப்பையும் அவரே எழுதினார்: 'மாப்பிள்ளை தரப்பு கண்ணாடியில் இருமுறை மோதித் தன் கருத்தைத் தெரிவித்தது. மருமகள் தரப்பு பதில் கூறவில்லை, சம்மதமாகக் கொள்ளப்பட்டது.' தீர்வாக இன்னும் பத்து மீன்கள் வந்தன. பாறைகள் இடம் மாறின. மருமகள் ஒளிந்துகொண்டிருந்த ஒரே பொந்தும் போனது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வரவேற்பாளர் பெண் வந்தாள். கையில் ஒரு வலை, ஒரு சிவப்பு பக்கெட். தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் நிரப்பி, உடைந்த குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டு, காற்றுக் குழாயை விட்டு, மருமகளை அதில் இறக்கித் தன் மேசையடியில் வைத்தாள். ஐம்பதில் ஒன்று குறைந்ததை ஒரு வாரமாக யாரும் கவனிக்கவில்லை. அடர்த்தி முறையின் இன்னொரு நன்மை அது.

எட்டாம் நாள் 'அடர்த்தி முறை' செயல்விளக்கம். கூடம் நிறையத் தம்பதிகள். மெக்கானிக்கும் தையல்காரியும் 'வெற்றிச் சான்று' என்ற முறையில் சோபாவிலேயே உட்காரவைக்கப்பட்டார்கள். இயக்குநர் லட்சியத் தலைவியைச் சுட்டிக்காட்டக் கை நீட்டினார். கையெதிரே அது இல்லை. குனிந்து பார்த்தார். பாறை இடுக்கில் இருக்கும் என்று சட்டைக் கையை மடித்தார்.

"பேனாவைப் பிடிம்மா, நனைஞ்சிடும்."

வரவேற்பாளர் பெண் வாங்கிக்கொண்டாள். அவர் தோள்வரை தண்ணீருக்குள் போனார். மாப்பிள்ளை அவருடைய சுண்டுவிரலைக் கடித்தது. கை இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

"எங்கம்மா அது?"

"பிரிச்சு வெச்சிருக்கேன் சார்."

அவள் மேசையடியிலிருந்து பக்கெட்டை இழுத்தாள். மருமகளின் தாடை ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி முப்பது குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம். அவள் ஒரு சிட்டிகை உணவைப் போட்டாள்.

"சாப்பிடுது" என்றாள்.

"யாரைக் கேட்டுப் பிரிச்ச?"

"வாலைப் பாத்தேன் சார்."

தையல்காரி சோபாவை விட்டு எழுந்து வந்து பக்கெட் பக்கத்தில் குந்தினாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் பக்கெட்டின் வாயை அளந்தாள்.

"இதுக்குள்ள வேற யாரையும் விடமாட்டீங்களே, தங்கச்சி?"

"மாட்டோம்க்கா."

"அந்தக் குழாயை இடம் மாத்தமாட்டீங்களே?"

"மாட்டோம்."

"அப்ப எனக்கும் இப்படி ஒண்ணு எழுதிக்கோம்மா. மெஷின் வைக்கிற அளவு இருந்தாப் போதும்."

மெக்கானிக் பாதி எழுந்தார். "அப்ப நான்?"

"நீங்க உக்காருங்க" என்றாள் தையல்காரி. "கூப்பிடுவாங்க."

இயக்குநரின் கை இன்னும் தொட்டிக்குள் இருந்தது. வரவேற்பாளர் பெண் பதிவேட்டைத் திறந்தாள். தங்கநிற மூடியைக் கழற்றி, 'பிரிந்தவை' கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். நிமிர்ந்தபோது மேசைக்கு முன்னால் நான்கு பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசியில் ஓர் ஆணும் நின்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டத்தில் வெறும் கோடுதான் இருந்தது. பேனா ஒன்றே ஒன்று; அது இத்தனை நாளும் இயக்குநரின் பையில் இருந்தது.