நன்மை வரிசையில் ரிவர்ஸ்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தன்னைப் பாவி என்று நம்புவதில் ரிவர்ஸை மிஞ்ச ஒரு ஆள் கிடையாது. நான் கிளார்க்காக இருந்த ஷூ கம்பெனியில் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர் அவர். ஆனால் அந்தப் பெயர் பஸ்ஸால் வந்ததல்ல, மாதா கோயிலில் வந்தது.

ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நேரம் வந்ததும் கைகூப்பி வரிசையில் சேர்ந்துவிடுவார். நற்கருணை கொடுக்கிற சாமியாருக்கு இரண்டு ஆள் தூரம் வரை ஒழுங்காகப் போவார். அங்கே நிற்பார். பிறகு அப்படியே திரும்பி, எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, ஆனால் டீயில் தோய்த்த பொறை பிஸ்கட் உள்ளே இறங்கி ஐம்பத்தெட்டு நிமிடம்தான் ஆகிறது என்பார். அடுத்த வாரம், முன்னால் நின்றவரின் ஷூவில் சோல் ஒட்டிய லட்சணத்தை மனதுக்குள் பழித்துவிட்டாராம். இன்னொரு வாரம் பிரசங்கத்தின்போது பஸ் பேட்டரியை நினைத்துவிட்டாராம். ஒருமுறை அவர் திரும்பியதைப் பார்த்து, அப்பம் தீர்ந்துவிட்டது என்று பின்னால் நின்ற ஆறு பேரும் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து வரிசையும் கலைந்தது. நிறைந்த கிண்ணத்தோடு சாமியார் தனியாக நின்றார்.

அந்தச் சாமியார் புதிதாக வந்தவர், வயதில் சின்னவர். பூசை முடிந்ததும் ரிவர்ஸைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரிவர்ஸ் பொறையில் ஆரம்பித்து பேட்டரி வரை ஒப்பித்தார். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"நாம யாருமே தகுதி இல்லன்னு சொல்லிட்டுத்தானே வரிசையில நிக்கிறோம்? இந்தச் சின்னதெல்லாம் உங்கள நிறுத்தல. பெருசா ஒண்ணு இருக்கு. அதச் சொல்லாம இருக்கத்தான் இதெல்லாம் சொல்றீங்க."

ரிவர்ஸ் நடையைக் கட்டினார்.

மறுநாள் கம்பெனியில் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பேரணாம்பட்டு ரோட்டில் பஸ் கல்வெர்ட்டில் மோதி இரண்டு பெண்களுக்குக் கை முறிந்தது எனக்கும் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்று இவர் எழுதிக்கொடுத்தார். முதல் நாள் பிரேக்கைச் சரிபார்த்த மெக்கானிக் பாயை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிரேக் நன்றாகத்தான் இருந்ததாம். இவர் போனில் பேசிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு ஞாயிறும், இந்த வாரமாவது வாங்கிவிடலாம் என்று ஆசையோடு எழுவாராம். சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது பாயின் முகம் வந்து நிற்குமாம்.

முதலில் பாயைப் பார்க்க வேண்டும், நானும் கூட வர வேண்டும் என்றார்.

"இன்னாத்துக்கு நான்?" என்றேன்.

"தனியா போனா திரும்பிடுவேன் சார்."

பேரணாம்பட்டில் பாய் பஞ்சர் கடை வைத்திருந்தார். ரிவர்ஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாய் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் பார்த்த பிரேக் எனக்குத் தெரியாதா டிரைவரே? ஆனா என் பொண்ணுங்க ரெண்டு பேரும் நான்தான் தப்பு பண்ணேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. வீட்டுக்கு வந்து அவங்ககிட்ட சொல்லு."

போனோம். பாயின் மனைவியும் மகள்களும் நிற்க, ரிவர்ஸ் மறுபடி முதலிலிருந்து சொன்னார். பெரிய மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்து நான்கு டம்ளரில் டீ வந்தது. மன்னித்துவிட்டீர்களா என்று ரிவர்ஸ் கேட்டார். அதற்கெல்லாம் டைம் ஆகும், வந்து போய்க்கொண்டிரு என்றார் பாய்.

அடுத்த நாள் மேனேஜர் அறைக்குள் ரிவர்ஸ் தனியாகவே போனார். திரும்பி வந்தபோது கையில் பஸ் சாவி இல்லை. பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி தூக்கச் சொல்லிவிட்டார்கள். காயம்பட்ட பெண்கள் இருவரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவர்களிடமும் சொன்னார். ஒருத்தி ஒரு மாதம் பேசவில்லை. பாயைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. அவர் ஒரு வாரம் காக்க வைத்துவிட்டுத்தான் வந்தார்.

பாய் வேலைக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, ஞாயிறு வரிசையில் நின்றார் ரிவர்ஸ். சாமியாருக்கு இரண்டு ஆள் தூரம் வந்ததும் பின்னால் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார். நன்மை வாங்கி வாயில் வைத்தார். பெஞ்சுக்கு வந்தவர் பூசை முடிந்து விளக்கை அணைக்கும் வரை முழங்காலிலேயே இருந்தார்.

வெளியே வந்ததும் டீ குடிக்கக் கூப்பிட்டேன். நேரமில்லை, பாயின் பெரிய மகளுக்கு இன்று நிச்சயம், சேர் போட வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேரணாம்பட்டு பஸ்ஸில் ஓடி ஏறினார். ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் கையாட்டினார். எனக்கு ஆயிரம் வேலை இருந்தது. இருந்தும் அந்த பஸ் கண்ணுக்கு மறைகிற வரை ரோட்டோரத்திலேயே நின்றேன்.