பூலோகத்துக்கு ஒரு மாலை

பந்து பூலோகத்தின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, கோலாக நட்டிருந்த மூங்கில்களைத் தாண்டி, அப்பால் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் மேல் மோதி நின்றது. எருமை பூலோகத்தைப் பார்த்தது. மைதானத்தில் இருந்த மற்ற எல்லோரும் ஆறுமுகநயினாரைப் பார்த்தார்கள்.

ஆறுமுகநயினார், தாராவி தாமிரபரணி ஃபுட்பால் கிளப்பின் கோச். பகலில் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே வாங்கிக்கொள்ளும் ஏச்சையெல்லாம் சாயங்காலம் இங்கே வந்து இறக்கிவைப்பார். அவர் தொண்டையைத் திறந்தால் மாஹிம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவர்கள்கூடத் தங்களைத்தான் சொல்கிறாரோ என்று திடுக்கிடுவார்கள் என்று கிளப்பில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து ஃபைனலை எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்த நேரத்தில் கோல்கீப்பர் எருமைக்குப் பந்து போடுகிறான்.

ஆறுமுகநயினார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பல்லைக் கடித்து, உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்தார்.

"பரவாயில்ல தம்பி. நல்லா முயற்சி பண்ணுனீங்க. உங்கள மாதிரி கோல்கீப்பர் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."

பூலோகம் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"அண்ணாச்சி, என்னையா சொல்லுதிய?"

"உங்களத்தான் தம்பி. வாங்க, இப்படி உக்காருங்க. ஒரு டீ சாப்பிடுங்க."

பூலோகத்தின் முகம் சுண்டிப்போயிற்று. டீயை ஒரு மடக்கு குடித்தான். மீதியை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். கேப்டன் பிச்சையா, கோச்சை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி அவன் பின்னாலேயே போனான். பூலோகமும் அவனும் ஒரே தோல் ஷாப்பில் வேலை.

'பாவம், புகழ்ச்சி புதுசு. கூச்சப்படுதான்' என்று நினைத்துக்கொண்டார் ஆறுமுகநயினார்.

அன்று மத்தியானம் ஆபீசில் நடந்த ஒரு விஷயம்தான் அவரை இப்படி மாற்றியிருந்தது. பூனாவுக்குப் போகவேண்டிய கடிதத்தை நாக்பூருக்கு அனுப்பிவிட்டார். சூப்பரின்டெண்டென்ட் வேங்கடசுப்ரமணியன் கூப்பிட்டனுப்பினார். அவர் கத்தினால் லிஃப்ட்காரன் பாதி மாடியில் நிறுத்திக் கேட்பான். ஆனால் அன்று அவர் சிரித்தார்.

"மனுஷான்னா தப்பு வரத்தான் வரும் ஆறுமுகநயினார். உம்மைப்போல ஒரு வேலைக்காரர் கிடைக்கறது கஷ்டம். போய் ஜோலியைப் பாரும்."

ஆறுமுகநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு நல்ல வார்த்தைக்கு இவ்வளவு பலமா? இத்தனை வருஷமாகப் பையன்களைக் கரித்துக்கொட்டியது எவ்வளவு பெரிய பாவம்!

மறுநாள் பூலோகம் பிராக்டிஸுக்கு வரவில்லை. அவனுக்குப் பதிலாக நிற்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பந்து பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற தையல்காரன்.

புகழ்ச்சி போதவில்லை என்று ஆறுமுகநயினார் முடிவு செய்தார். ஒருத்தனை மட்டும் பாராட்டினால் மற்றவர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள், அதுதான் வினை. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார்.

"தம்பிமார்களே! நீங்க ஒவ்வொருத்தரும் தங்கம். உங்களோட விளையாடுன இந்தக் காலத்த நான் மறக்கவே மாட்டேன்."

வட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கிளப்பையே மூடப்போறாவலே" என்று லெஃப்ட் ஹாஃப் முணுமுணுத்தான்.

"நம்ம மேல என்ன குத்தம் அண்ணாச்சி? ஃபைனல் வரைக்குமாவது விடப்படாதா?" என்று கேட்டான் இன்னொருத்தன்.

அதற்குப் பிறகு பிராக்டிஸ் நடக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே யார் பக்கம் போனாலும், அவன் காலில் முள் குத்திவிட்டது என்று குனிந்துகொண்டான். தையல்காரன் கண்ணை மூடிக்கொண்டே நின்றான்.

ஆறுமுகநயினாருக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நாளை மறுநாள் மாஹிம் டீமோடு ஃபைனல். பூலோகம் இல்லாமல் இறங்கினால் மானம் கப்பலேறிவிடும். யோசித்து யோசித்து விடியும்போது ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு ஆளுக்கு மரியாதை செய்வதென்றால் அவன் வீட்டு வாசலில், நாலு பேர் பார்க்கச் செய்யவேண்டும்.

சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் மாதுங்காவில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் பூக்கடையில் சாமந்தியும் ரோஜாவும் கலந்த மாலை ஒன்று வாங்கினார். அதைக் கையில் ஏந்திக்கொண்டு பூலோகம் வீட்டுச் சந்தில் நுழைந்தார். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த பூலோகத்தின் மனைவி முப்பிடாதி முதலில் மாலையைப் பார்த்தாள். பிறகு மனிதரைப் பார்த்தாள். குடம் கீழே விழுந்தது.

"ஐயோ! மாலையோட வந்துட்டாவளே! இவரு சீட்டக் கிழிச்சிட்டாவளே!"

சந்து முழுவதும் கதவு திறந்தது. பூலோகம் வெளியே வந்தான். கையில் கிளப் சட்டை. துவைத்து மடித்திருந்தது. பின்னாலேயே பிச்சையாவும் வந்தான்.

"இந்தாங்க அண்ணாச்சி. தோள்ல ஒரு கிழிசல் இருந்திச்சு, முப்பிடாதி தச்சுட்டா" என்றான் பூலோகம். "நீங்க எம்புட்டு ஏசியிருக்கிய! ஒரு நாளு நான் மூஞ்சியத் தூக்கி வச்சதுண்டா? கடைசியில இப்படி மரியாதையாப் பேசி அனுப்பிட்டியளே!"

"யாரு உங்கள அனுப்புனது? பாராட்டத்தானே வந்திருக்கேன்!"

பிச்சையா குறுக்கே வந்தான். "அண்ணாச்சி, எங்க ஷாப்புல மேஸ்திரி, வேலையில இருக்கிறவனை 'ஏலே'ம்பாரு. 'வாங்க தம்பி, டீ சாப்பிடுங்க'ன்னாருன்னா அவனுக்கு அன்னையோட வேலை போச்சு. கையில தோல் சுரண்டுத கத்தியோட நிக்கவன்ட்ட வேற எப்படிச் சொல்லுவாரு? மாலையும் போட்டு ரயில் ஏத்தி விட்டுருவாரு. நீங்க டீயும் குடுத்தாச்சு, மாலையும் கொண்டாந்தாச்சு. இன்னும் ரயில் ஒண்ணுதான் பாக்கி."

ஆறுமுகநயினாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இது என்னலே கூத்து! எங்க ஆபீஸ்ல பெரியவரு என்னப் புகழ்ந்தாருன்னா அது புகழ்ச்சிதான். படிச்சவங்க நடந்துக்கிடுத விதமே வேற." குரலை இறக்கிக்கொண்டு பூலோகத்தின் பக்கம் திரும்பினார். "பூலோகம் அவர்களே, தயவுசெய்து நான் சொல்றதக் கேளுங்க."

'தயவுசெய்து' என்றதும் முப்பிடாதி மறுபடி ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பூலோகம் சட்டையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போகத் திரும்பினான்.

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த தொண்டை அப்போதுதான் திறந்தது.

"ஏலே மூதி! நில்லுலே!"

சந்து கப்சிப் என்று ஆயிற்று.

"இந்தப் பம்பாயில உன்ன மாதிரிப் பந்து பிடிக்கவன் ஒருத்தன் கிடையாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன், நீ சட்டைய மடிச்சு வச்சிக்கிட்டு ஒப்பாரியா வைக்கே? உன்ன நம்பித்தானலே பத்துப் பேரு முன்னால ஓடுதானுவ! நாளைக்கு அந்த மூங்கிலுக்கு நடுவுல நீ நிக்கல, உன் கால ஒடிச்சிருவேன்! இல்ல, காலு வேணும். காதத் திருகிருவேன்!"

பூலோகத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "அண்ணாச்சி, அப்ப நான் இருக்கேனா?"

"இன்னும் என்னலே கேள்வி? இந்தா, சட்டையப் போடு!"

முப்பிடாதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தைப் பெருமையாகப் பார்த்தாள். "கேட்டியளா? எப்படி ஏசுதாவ பாத்தியளா!" என்றாள். மாலையை வாங்கிக்கொண்டு போய் உள்ளே முருகன் படத்துக்குச் சாத்தினாள்.

திரும்பி நடக்கும்போது ஆறுமுகநயினாருக்கு மனசு லேசாக இருந்தது. பூலோகத்தைப் பற்றி அவர் உள்ளத்தில் இருந்ததை இன்றுதான் அவனிடமே சொல்லியிருக்கிறார். 'மூதி' என்ற வார்த்தையில் ஏற்றித்தான் அனுப்ப முடிந்தது. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நிமிஷம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். அப்போது மாஹிம் டீமுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஆறுமுகநயினார் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்.

"ஏலே! எருமைய நினைச்சுக்கோலே!"

பூலோகம் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இடப்பக்கமாகப் பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. "சனியனே, பிடிச்சிட்டியேலே!" என்று ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார் ஆறுமுகநயினார். அதைவிடப் பெரிய பாராட்டை அந்த டீமில் யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஜெயித்த மிதப்பில் அரை மணி தாமதமாக ஆபீஸுக்குப் போனார். போன வேகத்தில் மைக்கூட்டையும் மேஜைமேல் கவிழ்த்துவிட்டார். சூப்பரின்டெண்டென்ட் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

வேங்கடசுப்ரமணியன் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றார். முகம் சிவந்திருந்தது. உதட்டில் சிரிப்பு.

"வாங்கோ ஆறுமுகநயினார், உக்காருங்கோ. நீங்க இல்லேன்னா இந்த செக்‌ஷனே இல்லை. ஒரு டீ சாப்பிடுங்கோ."

டீ வந்தது. ஆறுமுகநயினார் விரல் மடக்கி எண்ணினார். 'வாங்கோ', 'உக்காருங்கோ', இப்போது டீ. குழாயடியில் முப்பிடாதி வைத்த ஒப்பாரி காதுக்குள் கேட்டது. நாக்பூர் பிராஞ்சில் ஓர் இடம் காலியாக இருப்பதாகப் போன மாதமே பேச்சு. நாக்பூருக்குப் போனால் கிளப் என்ன ஆவது? பூலோகத்தை யார் ஏசுவார்கள்?

எப்படியோ டீயைக் குடித்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் காசிமின் கையைப் பிடித்துக்கொண்டார். காசிமுக்கு மேலப்பாளையம், ஊர்க்காரர்.

"காசிம் பாய், மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு மாலைக்குச் சொல்லியாச்சா? ரயிலு என்னைக்கு?"

காசிம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாலையா? உமக்கு எதுக்குவே மாலை? பெரியவருக்கு பிளட் பிரஷர் ஏறிப்போச்சு. யாரையாவது ஏச வாய் வந்தா உடனே ரெண்டு வார்த்தை புகழ்ந்திரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்த செக்‌ஷன்லயே உம்மத்தான் அண்ணாச்சி ரொம்பப் புகழுதாரு!"