செவலைப் பசுவின் சம்மதம்

இலங்கையில், எங்கள் பதுளைக் கடைத்தெருவில் ஒருவருடைய பசு சர்க்கார் அலுவலகமான கந்தோரின் புல்லைத் தின்றுவிட்டால், கந்தோர்ப் பட்டியில் அடைப்பார்கள். அபராதம் கட்டி அவிழ்த்து வருவது வழக்கம். படித்தவர்கள் இல்லாத வீடுகளில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டில் படித்தவன் இருந்தான். என் மகன் சிவஞானம், சென்னைக் கல்லூரியில் அரசியல் சாத்திரத்தை முக்கிய பாடமாக எடுத்து பி.ஏ. தேறி வந்திருந்தான். அரசாங்கம் எதற்காக இருக்கிறது என்று ஆராய்கிற படிப்பாம். ஆராயாமலே அது இருந்துகொண்டிருந்ததால் ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் செவலை பட்டியில் அடைபட்டது. நிறைமாதம். பட்டிக்குக் கூரை கிடையாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அபராதத்தைக் கட்டிட்டு ஓட்டிட்டு வாடா. இன்னிக்கோ நாளைக்கோ ஈனப் போற மாடு."

"கட்டினா அந்தச் சட்டத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. சம்மதம் இல்லாத சட்டம் செல்லாது. செவலை எப்போ சம்மதிச்சுச்சு?"

பக்கத்துக் கடை புஹாரி நானா எட்டிப் பார்த்தார். "புல்லைத் தின்னுச்சே தம்பி, அது சம்மதம் இல்லையா?"

"அது பசி, நானா. பசி வேற, சம்மதம் வேற."

மனு போயிற்று. செவலை இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அந்நியப் பசு, ஆகவே இவ்வூர்ச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்றும் சேர்த்திருந்தான். கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் கபிரியேல் அகமகிழ்ந்தார். பசுவின் சம்மதம் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை உறுதிப்படுத்த விசாரணை ஏற்படுத்தப்பட்டது. அது நடக்கும்வரை பசு சகல மரியாதைகளுடனும் மழையில் நனைந்தது. நான் சாக்கும் வைக்கோலும் சுமந்தேன். மகன் குடை பிடித்தான், தனக்கு.

பட்டிக்குள்ளேயே செவலை ஈன்றது. அதற்கப்புறம் தீர்ப்பு வந்தது. கபிரியேல் வாசித்தார்:

"மனுதாரர் வாதம் முழுமையாக ஏற்கப்படுகிறது. அந்நியப் பசு அபராதமின்றி வெளியேறலாம். கன்று சர்க்கார் வேலிக்குள் பிறந்தபடியால் இந்நாட்டுக் குடியாகும். அதை அந்நியரோடு அனுப்ப விதியில்லை."

"ஜெயிச்சுட்டோம்மா!" என்றான் மகன்.

"என்னத்தைடா ஜெயிச்ச? பால் குடிக்காம கன்னு செத்துப் போகும்!" என்று கத்திவிட்டு, கபிரியேலிடம் கேட்டேன்: "தாயும் புள்ளையும் எப்படிங்கய்யா வேற வேற நாடாகும்?"

அவர் கண்கள் பளிச்சிட்டன. "நல்ல கேள்வி. அம்மா எங்க பிறந்தீங்க?"

"முசிறிப் பக்கங்க."

"இவரு?"

"இங்க, பதுளையிலதாங்க."

புதுத்தாள் எடுத்து, பேனாவை மையில் தோய்த்தார். "நீங்க எப்படி வந்தீங்க?"

மகனுக்கு முகம் வெளுத்தது.

"கப்பல்லதாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதே கப்பல்ல உங்கம்மா சூசையம்மா மடியில நீங்க கைக்குழந்தை. வழி நெடுக என் சேலையிலதான் வாந்தி எடுத்தீங்க."

பேனா நின்றது.

"ஐயா, மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். அபராதம் எவ்வளவுங்க?" என்றான் மகன், புத்தகம் எதையும் மேற்கோள் காட்டாமல். கபிரியேல் கையில் அதற்குள் ரசீதுப் புத்தகம் இருந்தது.

கன்றோடு வெளியே வந்த செவலை, வாசலிலேயே நின்று கந்தோர்ப் புல்லில் ஒரு வாய் இழுத்தது. பி.ஏ.வும் கிளாக்கரும் ஆளுக்கொரு பக்கம் மலையைப் பார்த்தார்கள்.