மூன்று மணியில் நின்ற குமிழ்

புதுப் பொருள் வாங்கியவனிடம் போய் "இது இங்கே வேண்டாம்" என்று சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. புது மிக்ஸி வந்த வீட்டில் ஒரு வாரத்துக்குத் தொட்டதெல்லாம் சட்னியாகும். நான் வாங்கியது மிக்ஸி அல்ல, சாச்சுரேஷன் பெட்டி. சட்னியானது என் மனைவி ரேவதியின் குரல்.

பகலில் எனக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்ற நேரத்தில், பெங்களூர் பொம்மனஹள்ளி ஃபிளாட்டின் இரண்டாவது படுக்கையறையில், நான் ஒரு இசைத் தயாரிப்பாளர். (அப்படிச் சொன்னது நானே அச்சடித்த விசிட்டிங் கார்டு மட்டும்தான்.) இந்தப் பாட்டுப் பதிவுப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் சாச்சுரேஷன் பித்தும் பிடிக்கும். கம்ப்யூட்டரில் பதிவாகும் குரல் ரொம்பச் சுத்தமாக இருக்கும், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. பழைய டேப்பிலோ, பழைய ரேடியோக்களில் எரியும் கண்ணாடி வால்விலோ நுழைந்து வரும் குரல் கொஞ்சம் திணறும். அந்தத் திணறலில் குரலோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன மேல்சுரங்கள் பிறக்கும். கேட்பவருக்கு அது கதகதப்பாக இருக்கும். கொஞ்சம் போட்டால் கதகதப்பு, கூடிப்போனால் கரகரப்பு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் கலைஞன். தெரியாதவன் என்ன ஆவான் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் ரேவதியின் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது. சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் மாறும், அப்புறம் திரும்பிடும். ரொம்ப அபூர்வமா சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்" என்றார். அவர் சொன்னதில் ரேவதிக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் கேட்டது.

ரேவதி நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். ஆடி மாதம் அங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் மைக் அவள் கைக்குத்தான் போகும். மேடைப் பாடகி இல்லை. ஆனால் அவள் எடுக்கும் அம்மன் பாட்டில் ஓர் இடத்தில் குரல் மேலே போய் நின்று, மெதுவாக இறங்கும். அந்த இடத்தில் அண்டா கிளறுகிற ஆள்கூடக் கரண்டியை நிறுத்திவிடுவார். கல்யாணத்துக்கு முன் அதைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அந்தப் பாட்ட ஒரு வாட்டி ரெக்கார்டு பண்ணி வச்சுடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

இந்த இடத்தில் புத்தியுள்ள புருஷன் ஒரு மைக்கை நட்டு, பொத்தானை அழுத்தி, பதிவு செய்திருப்பான். எனக்கோ, இவள் குரலை உலகத்திலேயே உயர்ந்த முறையில் பதிந்து வைக்க வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. டேப் நல்லதா, டிரான்ஸ்ஃபார்மர் நல்லதா, வால்வு நல்லதா என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். யூடியூபில் தாடி வைத்த அத்தனை பேரையும் கேட்டேன். கடைசியில் வால்வைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், அந்தப் பெட்டியின் முகத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது, அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் கனிந்துகொண்டிருந்தது. காதால் தேர்ந்தெடுக்க வேண்டியதைக் கண்ணால் தேர்ந்தெடுத்தேன்.

பழைய பெட்டியாகத்தான் வாங்கினேன். விற்றவர் பிரேசர் டவுனில் கிடார் வாசிக்கும் ஜோஷுவா. கொடுக்கும்போதே கேட்டார்.

"எதுக்கு ப்ரோ, கிடாரா?"

"வாய்ஸுக்கு. என் வொய்ஃப் பாடுவாங்க."

"வாய்ஸ்னா டிரைவ் குமிழ ஒன்பது மணியில வைங்க. மிஞ்சிப் போனா பத்து. அதுக்கு மேல போகாதீங்க, மச்சா."

(டிரைவ் என்பது அந்தத் திணறலைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். அதன் நிலையைக் கடிகார முள்ளாகச் சொல்வது எங்கள் ஆட்களின் பழக்கம். ஒன்பது என்றால் இடது பக்கம், பன்னிரண்டு நேர் மேலே, மூன்று வலது பக்கம், அதாவது கிட்டத்தட்ட முழு வேகம்.)

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சனிக்கிழமை பதிவு. எதிரொலி வராமலிருக்க ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்கு முன்னால் ரேவதியை நிற்க வைத்தேன். குமிழை ஒன்பதில்தான் வைத்தேன், சத்தியமாக. ஹெட்ஃபோனில் இனிப்பாக இருந்தது. ஆனால் காது இருக்கிறதே, அது பொல்லாதது. ஒரே கதகதப்பைக் கொஞ்ச நேரம் கேட்டால் அது பழகிப்போய், போதவில்லை என்று தோன்றும். பத்துக்குத் திருப்பினேன். "இன்னொரு வாட்டி பாடு." பன்னிரண்டு. "இன்னும் ஒரே வாட்டி." அவள் முகம் சுருங்க ஆரம்பித்தது. கேட்டபோது, "தொண்டை லைட்டா வலிக்குது, பரவால்ல" என்றாள். நான் ஜன்னலுக்குள் கனியும் வெளிச்சத்தைப் பார்த்தபடி குமிழை மூன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. குரலைச் சுத்தமாகப் பதிந்துவிட்டு, பெட்டியை அப்புறமாகச் சேர்க்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் தாடிக்காரர்களில் ஒருவர், பதியும்போதே முடிவெடுப்பவன்தான் ஆண்பிள்ளை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவன் கோழை என்று சொல்லியிருந்தார். நான் கோழையாக விரும்பவில்லை. குரலைப் பெட்டி வழியாகவே பதிந்தேன். அவள் முன்பு பாடிய டேக்குகளை, இடம் அடைக்கிறதென்று, உடனுக்குடன் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீலசந்திராவிலிருந்து மாமியார் வந்தார். மகளுக்குத் துணையாக இருக்க வந்தவர், வந்ததும் சமையலறைக்குள் போய்விட்டார். நான் ஹாலில் பெரிய ஸ்பீக்கரை வைத்து, ரேவதியை சோஃபாவில் உட்கார வைத்து, பாட்டைப் போட்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. பத்து விநாடி ஆகியிருக்காது. சமையலறையிலிருந்து அத்தை கையில் ஓட்டை குக்கரோடு வேகமாக வந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பால்கனிக்குப் போய்க் குனிந்து, கொஞ்சம் நிற்கச் சொல்லிக் கன்னடத்தில் கூப்பிட்டார்.

"அண்ணா, ஸ்வல்ப நில்லி. ஒந்து குக்கர் இதே."

தெருவில் யாரும் இல்லை. அத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எங்கடி போனான் அந்தப் பழைய இரும்பு ஆட்டோக்காரன்? இப்பதான சத்தம் கேட்டுச்சு. இப்பல்லாம் அம்மன் பாட்டு போட்டுக்கிட்டு வர்றானா?"

நான் பாட்டை நிறுத்தினேன். பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகுமே ஓர் ஆட்டோ, அதேதான். ஹெட்ஃபோனில் கதகதப்பாக இருந்தது, ஸ்பீக்கரில் தகரமாக வந்திருந்தது. அவள் மேலே போய் நிற்கும் அந்த இடம் இருக்கிறதே, அங்கே குரலே இல்லை, அரம் போடுகிற சத்தம்தான் இருந்தது.

ரேவதி அமைதியாகக் கேட்டாள். "பெட்டி இல்லாம, என் குரல் மட்டும் இருக்குமில்ல, அதப் போடுங்க."

நான் பால்கனிக்குப் போய் ஜோஷுவாவுக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"சுத்தமா ஒரு காப்பி வச்சிருக்கீங்கல்ல?"

"இல்ல."

"சாம்பார்ல போட்ட உப்ப எடுக்க முடியாது ப்ரோ. மறுபடி பாடச் சொல்லுங்க." பிறகு, "டிரைவ் எத்தனை மணியில வச்சீங்க?" என்றார்.

"மூணு."

"அய்யோ. அந்த வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே திருப்பினீங்களா? அது வால்வு வெளிச்சம் இல்ல, கம்பெனிக்காரன் பின்னாடி ஒரு எல்இடி ஒட்டி வச்சிருக்கான்."

மறுபடி பாடச் சொல்ல வழியில்லை. முந்தின நாள் நான் பாட வைத்த பாட்டில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஒருவேளை அந்தக் குரல் திரும்பாமலே போனால், உலகத்தில் மிச்சம் இருப்பது என் பழைய இரும்புப் பதிவு ஒன்றுதான். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது ரேவதி வாசலிலேயே நின்றிருந்தாள். "சும்னே இருங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள், அவளுடைய பெங்களூர்த் தமிழில். ஆபரேஷன் அவளுக்கு, தைரியம் சொல்ல வேண்டியவன் நான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சாயந்திரம் அவளைப் பேசச் சொன்னார்கள். நானும் அத்தையும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். ரேவதி எச்சில் விழுங்கி, வாயைத் திறந்தாள். கரகரவென்று, உடைந்து, தகரத்தில் ஆணி இழுப்பது போல ஒரு குரல் வந்தது. அவளே அதைக் கேட்டுத் திகைத்துப்போனாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏங்க," என்றாள் அந்தக் குரலில், "இதத்தான நீங்க அன்னிக்கே ரெக்கார்டு பண்ணீங்க."

அத்தைதான் முதலில் சிரித்தார். தையல் பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதீர்கள் என்று நர்ஸ் வந்து திட்டும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான்.

குரல் திரும்பிவிட்டது. அடுத்த ஆடிக்கு முன்பே மேலே போய் நின்று, மெதுவாக இறங்கியது. இந்த முறை ஃபோனை சமையல் மேடையில் வைத்துப் பதிந்தேன், பின்னால் குக்கர் விசிலோடு. அதைவிட நல்ல பதிவை நான் இன்றுவரை செய்ததில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால் கேட்பது அதை அல்ல, பழைய இரும்புப் பாட்டைத்தான். எங்கள் வீட்டில் எது மிதமிஞ்சிப் போனாலும் அதற்கு 'மூணு மணி' என்று பெயர். பாயசத்தில் சர்க்கரை மூணு மணி, பக்கத்து ஃபிளாட்டுக்காரர் போட்ட சென்ட் மூணு மணி.

போன வாரம் ரேவதிக்குச் சளி. அத்தை ஃபோன் செய்தார். இவள் "ஹலோ" என்றாள், கரகரத்த குரலில். உடனே, "ஃபோன மாப்ளகிட்ட குடு" என்றார். நான் வாங்கினேன்.

"மாப்ள, அந்தப் பெட்டிய அணைச்சு வைங்க. நான் என் பொண்ணுகூட கொஞ்ச நேரம் பேசணும்."