நீலத்தாளும் வெள்ளரிக்காய் ஊறுகாயும்

மதிப்பிற்குரிய அண்ணன் கிளெமென்ட் அவர்களுக்குத் தம்பி ஹார்வி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அண்ணியும் பண்ணை மாடுகளும் சுகம்தானே? இங்கே எங்கள் சுகம் வாஷிங்டனில் நிலுவையில் கிடக்கிறது.

என் மனைவி லோர்னாவை ஃபெடரல் நீதிபதியாக அதிபர் முன்மொழிந்ததும் நீங்கள் கேக் வெட்டினீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். நம் மாநிலத்து செனட்டர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு நீலத்தாளில் எழுதி அனுப்பவேண்டுமாம். சட்டம் இல்லை, வழக்கம்; ஆனால் அது வராமல் நியமனம் நகராது. செனட்டர் பிரிக்மன் எதிர்க்கட்சி. தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சிரித்துத் திரிகிறார். இவளோ கையிலிருந்த வழக்குகளையெல்லாம் மற்ற வக்கீல்களுக்குத் தாரை வார்த்துவிட்டு, சமையலறை அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறாள். பொறுக்காமல் செனட்டரைக் காப்பிக் கடையில் மடக்கினேன். "லோர்னா மேல எனக்கென்னப்பா கோபம்? தங்கமான பொண்ணு. போன தடவை எங்க ஆளை உங்க கட்சிக்காரங்க காயப்போட்டாங்கல்ல? அதுக்குப் பதில் வேணாமா?" என்கிறார்!

இந்த லட்சணத்தில் மாவட்டக் கண்காட்சி வந்தது. ஊறுகாய்ப் போட்டிக்கு இவள்தான் நடுவர். ஜாடிகளில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் செனட்டரின் மனைவி மேவிஸ் பச்சை மூடி ஜாடியைத் தூக்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"உன் கால்ல விழறேன், பச்சை மூடிக்கு முதல் பரிசு குடுத்துடு."

"வாயில வைக்க முடியலை ஹார்வி. ஒரே வினிகர்."

"வினிகர் ஒரு நிமிஷம். பதவி ஆயுசுக்கும்டி!"

"ஊறுகாய்க்கே நேர்மையா தீர்ப்பு சொல்லலைன்னா, நான் எதுக்கு அந்த நாற்காலிக்கு ஆசைப்படணும்?"

பச்சை மூடிக்குக் கடைசி இடம். போச்சு அண்ணே, எல்லாம் போச்சு. அவ நிம்மதியா தூங்கறா, நான்தான் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். உங்க பண்ணைக்கு ஒரு வக்கீல் வேணுமா?

அண்ணிக்கு என் அன்பு. மாடுகள் நிறையக் கறக்கட்டும்.

உங்கள் தம்பி,
ஹார்வி

பி.கு.: உறையை ஒட்டுமுன் தொலைபேசி வந்தது. பச்சை மூடி மேவிஸுடையதே இல்லையாம். அது நம் கட்சி மாவட்டத் தலைவரின் மனைவி போட்டதாம்; அவருக்கு முழங்கால் வலி என்று மேவிஸ் தூக்கி வந்து கொடுத்தாராம். முதல் பரிசு மேவிஸுக்குத்தான்! செனட்டர் உடனே நீலத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது நம் கட்சிக்காரர்கள்தான், எதிரிக்கு விலைபோனவள் என்று இவளை நியமனத்திலிருந்து விலகச் சொல்கிறார்கள். லோர்னா மறுபடியும் அலமாரியைத் திறந்துவிட்டாள்.