நான் குறட்டை விட்ட கல்யாணம்

வேலையை விடுவது பெரிய காரியமில்லை. ஒரு நாள் காலையில் போகாமல் இருந்தால் போதும். முதலாளி நம் மண்டைக்குள்ளிருந்து கிளம்பத்தான் நாளாகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருமயத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தில், ஊரே கேட்க, ஒலிபெருக்கி வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். அதுவரை புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடும் வேலை பார்த்துவந்தேன். அங்கே சிப்பந்திகள் உட்காரக் கூடாது. ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். (எங்கள் எல்லோருக்கும் சேர்த்து முதலாளி ஒருவரே மெத்தையில் உட்கார்ந்திருப்பார்.) ஒரு தீபாவளி முடிந்ததும் கால் வீங்கிப்போய் வேலையை விட்டேன். எங்கள் ஊரான இலுப்பூருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு மைக் செட் வாங்கினேன். ஆம்பிளிஃபயர், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு மைக், ஒரு பேட்டரி, கொஞ்சம் இசைத்தட்டுகள்.

கூடவே கொள்கைகளும் வாங்கினேன். மனைவி மீனாட்சியை உட்காரவைத்து அறிவித்தேன்.

"இனிமே நம்ம இஷ்டப்படிதான் பொழைப்பு. ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். யாருக்கும் கைகட்டி நிக்கிறதில்ல. மதியம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம். ராஜாவே வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேன்."

"மொதல்ல வேலை வரட்டுங்க" என்றாள் மீனாட்சி.

"வரும். மனுஷன் திட்டம் போட்டு வாழணும்."

"தூங்குறதுக்கா திட்டம் போடுவாக?"

வேலை வந்தது. திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம், பெரிய வியாபாரக் குடும்பம், ஆயிரம் ஜன்னல் வைத்த மாதிரி வீடு. அந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக நடந்தால் சுற்றுவட்டாரத்துக் கல்யாணமெல்லாம் எனக்குத்தான். கெட்டுப்போனால் மறுபடியும் ஜவுளிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். (நிற்க என்றால் உண்மையிலேயே நிற்க.)

ஒரு குழாயை வேப்பமரத்திலும் இன்னொன்றை மொட்டைமாடியிலும் கட்டிவிட்டு இறங்கினால், பந்தலுக்குள் என் பழைய முதலாளி. முகூர்த்தச் சேலை அவர் கடையில் எடுத்தது என்பதால் அவருக்கும் அழைப்பு.

"என்ன பழனி, நல்லாருக்கியா? தொழில் எப்படி?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நல்லாருக்கேங்க. இப்ப யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல பாருங்க" என்றேன். சொல்லிவிட்டு, அவர் பார்க்க வேண்டுமென்றே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். கால் அப்போதே மரத்துப்போனது. ஆனாலும் இறக்கவில்லை.

தாலி கட்டியாயிற்று. பந்தி தொடங்கியது. பெண்ணின் தகப்பனார் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கேட்டுக்கொண்டு, அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நானும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, இரண்டு முறை பாயசம் வாங்கி, கொள்கைப்படி ஆம்பிளிஃபயர் மேசைக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தேன். மைக் பத்திரமாக இருக்க வேண்டுமே என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். பத்திரமாக இருந்தது. அணைக்கப்படாமலும் இருந்தது.

இனி நடந்ததெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. முதலில் வேப்பமரத்திலிருந்து ஒரு உறுமல் வந்திருக்கிறது. ஏற்றம் ஏற முடியாமல் லாரி திணறுகிறது என்று நினைத்து இரண்டு பேர் தெருவுக்கு ஓடினார்களாம். மாப்பிள்ளையின் பெரியப்பா, "குழாய்க்குள்ள ஏதோ மிருகம் பூந்திருச்சு" என்றாராம். வயலில் களை கொத்திக்கொண்டிருந்த பெண்கள், யாருக்கோ மூச்சு முட்டுகிறது என்று கையில் களைக்கொட்டோடு கல்யாண வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் பேச ஆரம்பித்தேன்.

"வாரேங்க முதலாளி... இந்தா வந்துட்டேன்... ஒக்காரலீங்க முதலாளி, சும்மா குனிஞ்சேன்... சத்தியமா ஒக்காரலீங்க..."

ஊர் முழுக்கக் கேட்டது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அடக்கிப் பார்த்த சிரிப்பு ஓரமாகக் கிளம்பி, பந்தல் முழுக்கப் பரவியது. நான் யாரிடம் வேலை பார்த்தேன் என்று தெரிந்தவர்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இலையில் பாதி சோற்றை வைத்துவிட்டு எழுந்தார். பெண்ணின் தகப்பனார், "அவனை எழுப்பி மொதல்ல வெளியில அனுப்புங்க" என்று கத்திக்கொண்டு வந்தாராம். முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்தார்.

"ஒக்காருப்பா பழனி. நல்லா ஒக்காரு. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அதுவும் இரண்டு குழாயிலும் கேட்டது.

நான் தூக்கத்திலேயே, "சரிங்க முதலாளி" என்றேன்.

அப்போது எழுந்த சிரிப்பில்தான் விழித்தேன். என்னைச் சுற்றிலும் கால்கள். வெளியே வந்து பார்த்தால், கத்திக்கொண்டு வந்த பெண்ணின் தகப்பனாரே தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுக் கைகழுவப் போனார். அடுத்த வாரம் அவர் கடையில் சிப்பந்திகளுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார் என்று பழைய கூட்டாளி ஒருவன் வந்து சொன்னான். நம்பாமல், நானே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

தொழில் கெடவில்லை. "அந்தத் தூங்குற ஆளோட செட்டுதான் வேணும்" என்று தேடி வந்தார்கள். ஆனால் நான் வீடு போய்ச் சேருமுன்பே செய்தி இலுப்பூர் பஸ்ஸில் போய்விட்டது. மீனாட்சி வாசலிலேயே நின்றாள்.

"தூக்கத்தை விட வேணாம். அதுக்குத்தானே வேலையை விட்டீக. நீங்க தூங்குங்க, நான் வந்து செட்டைப் பாத்துக்கிறேன்."

அப்படியே செய்தாள். ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்தது முழுவதும் கற்றுக்கொண்டாள். பொம்பளை மைக் செட் போடுவதா என்று முணுமுணுத்தவர்களே, பிறகு என்னிடம் முன்பணம் கொடுக்கும்போது, "அக்காவும் வருவாங்கள்ல?" என்று உறுதிசெய்துகொண்டுதான் போனார்கள். அவள் ஆம்பிளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தட்டு மாற்ற, நான் மரத்தடியில் நிம்மதியாகத் தூங்கிய மதியங்கள்தான் என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகத் திட்டமிட்டவை.

வருஷங்கள் கழித்து எங்கள் மகள் கல்யாணம். நம் வீட்டு விசேஷத்தில் நாமே வேலை பார்ப்பதில்லை என்று வெளியூர் மைக் செட் பேசியிருந்தோம். சாப்பாடு முடிந்து அந்த மனிதர் பந்தல் ஓரமாகத் துண்டை விரித்ததுதான் தாமதம், சம்பந்திக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்த மீனாட்சி தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் மைக் சுவிட்சை அணைத்தாள்.

சம்பந்தியம்மாள் பதறிப்போய், "என்னங்க, கரண்டு ஏதும் அடிக்குதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் மீனாட்சி, மூச்சு வாங்கியபடி. "பாவம், அவருக்கும் ஒரு முதலாளி இருந்திருப்பாருல்ல."