கேரியரில் காரட் தோல்

"கேரியர் இன்னிக்கும் கனமா இருக்கே, என்ன சார் உள்ள?" என்றார் வாட்ச்மேன் ஆண்டி.

தைரியராஜ் கேரியரை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான். மூன்று அடுக்கிலும் காரட் தோல். திருவெறும்பூருக்குப் பக்கத்தில், பட்டாளத்துக்குக் காயவைத்த காய்கறி அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில் அவன் குமாஸ்தா. போன வருஷம் ஒரே ஒரு காரட்டை மடியில் கட்டியவரை வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள்.

"மிச்சச் சோறுண்ணே. வீட்டுல ஆடு இருக்கு."

இல்லாத ஆடு வாயிலிருந்து தானாகவே வந்து விழுந்தது.

ஸ்ரீரங்கத்து மாலை வகுப்பில் அவன் உணவுப் பதனம் படித்தான். சனிக்கிழமை தேர்வு; வீணாகும் பொருளில் ஒரு பண்டம் செய்து காட்ட வேண்டும். தோலை அவித்து, காயவைத்துப் பொடித்து, பால் பவுடர், சர்க்கரை, ஏலம் கலந்தால் போதும். வெந்நீர் ஊற்றியதும் பாயசம். பதினோரு முறை கசந்து, பன்னிரண்டாம் முறைதான் இனித்திருந்தது. தேறினால் பரிசோதனை அறையில் வேலை என்று முதலாளி ஜெகபர் சாதிக் வாக்குக் கொடுத்திருந்தார். பிடிபட்டால் இருக்கிற நாற்காலியும் போய்விடும்.

மறுநாள் ஆண்டி வாசலிலேயே அகத்திக்கீரைக் கட்டோடு நின்றார்.

"ஆட்டுக்கு சார். கிடாயா, பொட்டையா?"

"கி... கிடாய்."

ஆண்டி கேரியரையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். தைரியராஜ் பஸ்ஸுக்கு ஓடினான். 'அவருக்குத் தெரிந்துவிட்டது' என்று நோட்டில் எழுதினான். 'தெரியாமலும் இருக்கலாம்' என்று அதன் கீழேயே எழுதினான்.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டார்.

"கிடாய் வளர்க்கிறீங்களாமே? ஆண்டி சொன்னாரு. பக்ரீத் வருதுல்ல, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து பார்க்கிறேன்."

வியாழக்கிழமை திருவானைக்காவலில் ஆடு வளர்க்கும் ராசாத்தியிடம் போய் நின்றான்.

"ஆட்டை இரவல் கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அவள். ஆனாலும் கொடுத்தாள்.

புத்தூர் மாடி வீட்டில் கிடாயைப் பார்த்ததும் மனைவி ரோசரி இடுப்பில் கை வைத்தாள்.

"காரட் தோல் வந்துச்சு, பேசாம இருந்தேன். இப்ப ஆடு. நாளைக்கு என்னங்க, யானையா?"

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கிடாயின் பல்லைப் பார்த்தார்.

"ரொம்ப இளசு. குர்பானிக்கு ஒரு வயசாவது ஆகணும். அடுத்த வருஷம் பார்ப்போம். அது சரி, வாயெல்லாம் என்ன ஆரஞ்சு கலர்?"

"செம்மண்ணுங்க" என்றான் தைரியராஜ்.

அவர் படியிறங்கியதும் மொட்டைமாடியிலிருந்து ரோசரி கத்தினாள். "முறத்துல ஆற வச்ச பாயசப் பொடி அத்தனையும் காலிங்க!"

விடிந்தால் தேர்வு. காலிக் கேரியரோடு அவன் தொழிற்சாலை வாசலுக்கு ஓடினான். பொய் சொல்ல இனி தெம்பில்லை.

"அண்ணே, ஆடு பொய். சோறும் பொய். ஒரு மாசமா காரட் தோலைத்தான் திருடினேன். முதலாளிகிட்ட நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்கு மட்டும் ஒரு கேரியர் விட்டுடுங்க."

ஆண்டி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"தோல்னு மொத நாளே தெரியும் சார். தினமும் அதைப் புதைக்கக் குழி வெட்டுறவன் நான். கேரியரை விட்டுட்டு மூட்டையா எடுத்துட்டுப் போங்கன்னு கெஞ்சத்தானே கீரைக்கட்டோட காத்துக்கிட்டு நின்னேன்!"